பாம்புக்கு இருமத் தெரியாது

தலையணை உறையில் சுருட்டிக் கொண்டுவரப்படும் பாம்பு, மருத்துவரின் மேசைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் நோய் முற்றியிருக்கும். கழுத்தை மேல்நோக்கித் தூக்கி, வாயைப் பாதி திறந்து வைத்திருக்கும். உதட்டோரம் எச்சில் நூலாக ஒழுகும். மூச்சு விடும்போதெல்லாம் மூக்குத் துளையில் சின்னதாக ஒரு குமிழி கிளம்பி உடையும். “மூணு வாரமாவே விசில் மாதிரி சத்தம் வந்துச்சு டாக்டர். சட்டை உரிக்கப்போகுதுன்னு நினைச்சோம்” என்பார் உரிமையாளர். சட்டை உரிக்கும் நாட்களில் மூக்கடைத்து லேசாகச் சத்தம் வருவது உண்டுதான். ஆனால் உரித்து முடித்த பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால், அது நுரையீரலிலிருந்து வருகிறது.

வீடுகளில் அதிகம் வளர்க்கப்படும் பாம்புகளில் ஒன்று பால் பைத்தான். மிரண்டால் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்ளும், நஞ்சில்லாத ஆப்பிரிக்க மலைப்பாம்பு. கானா, டோகோ, பெனின் நாடுகளிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனது. இப்போது பாங்காக் விமானத்தில் பெட்டிக்குள் அடைபட்டுச் சென்னை விமான நிலையத்திலும் அடிக்கடி பிடிபடுகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் இருபது, முப்பது ஆண்டுகள் சாதாரணமாக வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் 60 வயதைத் தாண்டிய பால் பைத்தான் ஒன்று 2020இல் முட்டையிட்டது. அப்படிப்பட்ட உயிர் இரண்டாம் வயதில் சளியில் சாவதைப் பார்த்துப் பார்த்துத்தான் மருத்துவர்களுக்குக் குரல் உயர்கிறது.

தாமதத்துக்கு என்ன காரணம்?

பாம்புக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. இருமிச் சளியை வெளியே தள்ள அதனால் முடியாது. சளி உள்ளேயே தேங்கும், கெட்டியாகும், கிருமிக்கு வாகான இடமாகும். தும்மி, முனகி, காலைச் சுற்றி வந்து தொந்தரவு கொடுக்கும் நாய்க்கு ஒரே நாளில் வைத்தியம் கிடைத்துவிடுகிறது. பாம்பு சும்மா கிடக்கிறது. அது எப்போதும் சும்மாதான் கிடக்கும் என்று வீடும் விட்டுவிடுகிறது.

சாப்பிடாமல் இருப்பதை வைத்தும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது. நல்ல உடம்போடு இருக்கும் பால் பைத்தானே மாதக்கணக்கில் எலியைத் தொடாமல் கிடக்கும். வித்தியாசம் எடையில் தெரியும். சும்மா விரதம் இருக்கும் பாம்பு பெரிதாக இளைப்பதில்லை. நோயில் கிடக்கும் பாம்புக்கு முதுகெலும்பு மேடு தட்டி நிற்கும்.

நம் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு: பயம். நாகம், சாரை, நம் நாட்டு மலைப்பாம்பு எதையும் வீட்டில் வைத்திருக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை. பால் பைத்தான் போன்ற வெளிநாட்டுப் பாம்புகளை அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது 2024ஆம் ஆண்டு விதி. காகிதம் இல்லாமல் வாங்கியவர் மருத்துவமனை வாசலை மிதிக்கவே தயங்குகிறார். தயங்கும் நாட்களில் கையில் கிடைத்ததையெல்லாம் பாம்பின் வாயில் ஊற்றுகிறார்.

கைவைத்தியம் என்ற பெயரில்

முதல் குற்றவாளி பால். புற்றுக்குப் பால் ஊற்றுவது வழிபாடு. அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆனால் பாம்பு பால் குடிக்கும் என்று நம்பி, சோர்ந்து கிடப்பதற்குச் சிரிஞ்சில் பால் புகட்டுவது கொலைக்குச் சமம். பாலைச் செரிக்கும் ஏற்பாடு அதன் குடலில் இல்லை. பாம்பாட்டியின் பாம்பு கிண்ணத்தில் வாய் வைப்பது, நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகத்தால். அதைவிட முக்கியமானது, பாம்பின் மூச்சுக்குழல் வாயின் முன்புறத்திலேயே, நாக்குக்குச் சற்றுப் பின்னால் திறந்திருக்கிறது. பாலோ துளசிக் கஷாயமோ தேன் கலந்த தண்ணீரோ, ஊற்றியது நேராக நுரையீரலுக்குப் போக வாய்ப்பு அதிகம். சளிக்காக ஊற்றியது நிமோனியாவில் கொண்டுபோய் விடும்.

அடுத்தது ஆவி. தைலம் போட்ட வெந்நீரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து மூடிவிடுகிறார்கள். மூடிய பெட்டிக்குள் அந்த நெடியிலிருந்து தப்ப இடமில்லை. ஏற்கனவே புண்பட்டுக் கிடக்கும் மூச்சுப்பாதை இன்னும் எரிகிறது.

வாய்ப்புண்ணில் மஞ்சளைக் குழைத்து அப்புவதும் வழக்கமாகிவிட்டது. பாம்பின் சீழ் நம் சீழைப்போல ஒழுகாது. பாலாடைக்கட்டி மாதிரி இறுகி நிற்கும். மருத்துவர் அதைச் சுரண்டி எடுத்துச் சுத்தம் செய்தால்தான் மருந்து உள்ளே இறங்கும். மேலே மஞ்சள் பூச்சு ஏறிவிட்டால் எது புண், எது பூச்சு என்று பிரிப்பதற்கே நேரம் போகிறது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டுவது மிச்ச மருந்து. பிள்ளைக்கு வாங்கிய ஆன்டிபயாடிக் சிரப்பில் பாதி இருக்கிறது, காலை இரவு இரண்டு வேளை கொடுத்தோம் என்கிறார்கள். பாம்பின் உடல் மருந்தைச் செலவழிக்கும் வேகமே வேறு. பாம்புகளுக்கு மருத்துவர்கள் போடும் செஃப்டாசிடிம் ஊசி 72 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். நாளுக்கு இரண்டு வேளை என்ற கணக்கு எங்கே, மூன்று நாளுக்கு ஒன்று என்ற கணக்கு எங்கே! ஜென்டாமைசின் போன்ற மருந்துகளை நீர் வற்றிய பாம்புக்குப் போட்டால் சிறுநீரகம் பழுதாகும். யூரிக் அமிலம் வெள்ளைப் பொடியாக உள்ளுறுப்புகளில் படியும். சளி குணமாகி, சிறுநீரகத்தால் செத்தது என்று பிரேதப் பரிசோதனையில் எழுத நேர்வது எந்த மருத்துவருக்கும் பிடித்த வேலை இல்லை.

உண்ணிக்கு நாயின் ஸ்ப்ரேயை அடிப்பது, தொட்டியை ஃபினைல் விட்டுக் கழுவுவது இரண்டும் அதே வகை. முதலாவதில் பாம்புக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டாவதில் ஃபீனால் வகை நஞ்சு தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகிறது. ஐவர்மெக்டின் மாத்திரையை உடைத்துக் கரைக்கும் பழக்கமும் பரவியிருக்கிறது. பாம்பிலேயே அளவு தப்பினால் ஆபத்து. பக்கத்துத் தொட்டியில் ஆமை இருந்து அதற்கும் ஒரு சொட்டு போனால் ஆமை பிழைப்பது அரிது.

சாப்பிடவில்லையே என்று வாயைத் திறந்து எலியைத் திணிப்பவர்களும் உண்டு. செரிக்கத் தெம்பில்லாத வயிற்றில் எலி அழுகும், பாம்பு கக்கும், இருந்த தெம்பும் போகும். உயிரோடு எலியை விட்டுவிட்டுத் தூங்கப் போவது அதைவிட மோசம். நோயில் அசையாமல் கிடக்கும் பாம்பை எலி கடித்துத் தின்னும்.

எல்லாமே சளி இல்லை

நிமோனியா பெரும்பாலும் சூடோமோனாஸ், ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியாவால் வருகிறது, நேரத்தோடு வந்தால் சரியாகிறது. ஆனால் மருந்துக்கு அசையாத சளியும் இருக்கிறது. பால் பைத்தான்களின் நுரையீரலைத் தாக்கும் நிடோவைரஸை அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் அடையாளம் காட்டினார்கள். அதற்கு இன்றுவரை மருந்து கிடையாது.

அதற்கு முந்தைய கதை ஒன்று. போவா, பைத்தான் இனங்களில் தலை சுழற்றுதல், மல்லாந்தால் திரும்ப முடியாமை, கக்கல் என்று வந்து கொல்லும் நோய் 1970களிலிருந்தே தெரியும், காரணம்தான் பிடிபடவில்லை. சான் பிரான்சிஸ்கோ பகுதியில் போவா வளர்த்த ஒரு பெண், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் ஜோசப் டெரிசிக்கு, தன் பாம்புக்காகக் கடிதம் எழுதினார். டெரிசியின் குழு தேடியதில் 2012இல் அரினாவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த புதிய வைரஸ்கள் வெளிப்பட்டன. போவா இதைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் நன்றாகவே நடமாடும். அதன் பக்கத்தில் வைத்த பைத்தான் சில வாரங்களில் விழும். புதுப் பாம்பு வாங்கியதும் பழைய தொட்டியிலேயே சேர்த்துவிடும் ஆசாமிகள் கவனிக்க வேண்டிய இடம் இது.

பரிசோதனை: எக்ஸ்ரே, ரத்தம், வாயிலும் தொண்டையிலும் எடுக்கும் பஞ்சுக்குச்சி மாதிரி, தேவையானால் பிசிஆர்.

பாதி வைத்தியம் சூட்டில்

பாம்பின் நோய் எதிர்ப்புச் சக்தி அதன் உடல் வெப்பத்தோடு ஏறி இறங்கும். ஏ.சி. அறையில் 23 டிகிரியில் கிடக்கும் பாம்புக்கு ஊசி போடுவது பாதி வீண். தொட்டியின் ஒரு முனையில் 32 டிகிரி, மறுமுனையில் 26 அளவு இருக்க வேண்டும். நோயின்போது இரவிலும் அதைக் குறைக்கக் கூடாது. கையால் தொட்டுப் பார்த்து “சூடாத்தான் இருக்கு” என்று சொல்வது கணக்கில் வராது. தெர்மாமீட்டர் வேண்டும், ஹீட் மேட்டுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத மேட், வயிற்றுத் தோலைக் கருக்கிவிடும்.

மரத்தூளை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் விரியுங்கள் என்பார் மருத்துவர். எச்சமும் சளியும் அதில் தெரியும், தினமும் மாற்றலாம். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். கிண்ணத்தில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அவை உண்ணிகள். வீட்டில் ஊசி போடச் சொன்னால் உடலின் முன்பாதியில்தான் போட வேண்டும், ஏனென்றால் பின்பாதி ரத்தம் முதலில் சிறுநீரகம் வழியாகப் போகக்கூடும். ஊசி போடும் நேரம் தவிரத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். சத்தம் நின்றதுமே ஊசியை நிறுத்துவது அடுத்த மாதம் திரும்ப வருவதற்கு முன்பதிவு. வாரக்கணக்கில் போட வேண்டியதை வாரக்கணக்கில்தான் போட வேண்டும்.

கெஞ்சிக் கேட்பது

மருத்துவர்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சமையலறைத் தராசு மாதிரி ஒரு தராசு பாம்புக்கென்று தனியாக வாங்கி, வாரம் ஒருமுறை எடையைக் குறித்து வையுங்கள். புதிதாக வரும் பாம்பைக் குறைந்தது மூன்று மாதம் வேறு அறையில் வையுங்கள். அதைத் தொட்ட கையோடு பழையதைத் தொடாதீர்கள். மூச்சில் சத்தம் கேட்ட அன்றே படம் எடுத்து நண்பருக்கு அனுப்புவதற்கு முன், பாம்பைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார் என்று விசாரித்துக் கிளம்புங்கள். தயவுசெய்து, வரும் வழியில் எதையும் வாயில் ஊற்றாமல் வாருங்கள்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டில் பாம்பே வேண்டாம். நலமாகத் தெரியும் பாம்பின் குடலிலும் சால்மொனெல்லா இருக்கலாம். நோயில் கழியும் எச்சத்தைத் துடைக்கும் கை அடுத்து பால் புட்டியைத் தொடும். வளர்க்கத்தான் போகிறீர்கள் என்றால், தண்ணீர்க் கிண்ணத்தை அடுப்படிச் சிங்க்கில் கழுவாதீர்கள், குளியலறையில் தனி வாளி வைத்துக்கொள்ளுங்கள்.