உங்களுக்குத் தெரியுமா? காட்டைக் காக்கும் சிறு நெருப்பு

● 2012 முதல் 2016 வரை கலிபோர்னியாவை வாட்டிய வறட்சியில் 10 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் பட்டுப்போயின. நூறாண்டாகச் சிறு தீயைக்கூட உடனுக்குடன் அணைத்து வந்ததால் காடு நெருங்கி வளர்ந்திருந்தது. இருந்த கொஞ்ச நீருக்கு அத்தனை வேர்களும் போட்டியிட்டன. பட்டுப்போன மரங்கள் 2020-ல் சியரா மலையில் மூண்ட ‘கிரீக்’ பெருந்தீக்கு விறகாயின.

● அதே மாநிலத்தின் வடக்கே, கிளாமத் ஆற்றங்கரைப் பழங்குடிகளான கரூக், யூரோக் மக்கள் தாங்களே காட்டில் சிறு தீ வைப்பார்கள். மண்ணில் ஈரம் மிச்சமிருக்க வேண்டும். காற்று அடங்கியிருக்க வேண்டும். தாழ எரியும் தீ சருகையும் சுள்ளியையும் தின்றபடி மெல்ல ஊர்ந்து போகும். பெரிய மரங்களின் அடிப்பட்டை கருகும், மரம் பிழைத்துக்கொள்ளும்.

● தீப்பட்ட ஹேசல் புதர் மறுபடி துளிர்க்கும்போது கிளை பிரியாத நேரான குச்சிகளை விடும். கூடையும் குழந்தைத் தொட்டிலும் முடைய அந்தக் குச்சிதான் ஏற்றது.

● ஓக் மரத்தின் கொட்டை அவர்களுடைய பாரம்பரிய உணவு. மரத்தடிச் சருகைக் கொளுத்தினால், உதிர்ந்த சொத்தைக் கொட்டையில் குடியிருக்கும் வண்டுப்புழு மடியும்.

● பள்ளத்தாக்கில் தங்கும் புகை வெயிலை மறைத்து ஆற்றைக் குளிர்விக்கும். சால்மன் மீன் பிழைக்கும் என்பது அங்குள்ள மூத்தோர் சொல். புகை சூழ்ந்த நாட்களில் நீரின் வெப்பம் தணிவதை 2018-ல் வெளியான ஆய்வு உறுதி செய்தது.

● இப்படித் தீ வைப்பதை 1850-லேயே கலிபோர்னியா சட்டம் தண்டனைக்குரியதாக்கியது. முறையாகத் தீ வைக்கும் பழங்குடியினருக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் புதிய சட்டம் 2021-ல்தான் வந்தது.

● சத்தியமங்கலம் காட்டை ஒட்டிய கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையிலும் இதே கதை. அங்குள்ள சோளகர் பழங்குடிகள் கோடை முற்றுமுன் வைக்கும் தீக்கு ‘தரகு பெங்கி’, அதாவது சருகு நெருப்பு என்று பெயர். அதைத் தடுத்தபின் உண்ணிச்செடி காட்டை மூடியது, நெல்லி மரங்களில் புல்லுருவி பெருகியது என்கிறார்கள் அவர்கள். காய்ந்த உண்ணிப்புதரில் பற்றும் தீ மரத்தின் உச்சிவரை ஏறும்.

இப்படிச் சிறு தீ வைப்பது தலைமுறைகளாகக் காட்டோடு வாழ்ந்து கற்ற வித்தை. காட்டுக்குப் போகும் நாம் ஒரு தீக்குச்சியும் உரசக் கூடாது. எங்கே, எப்போது, எவ்வளவு எரிக்கலாம் என்று அறிந்த அந்த மக்களைக் கேட்டுத்தான் வனத்துறைகள் தீத்தடுப்புத் திட்டம் வகுக்க வேண்டும்.