இன்று இரவா, நாளைக் காலையா?

மருத்துவமனையில் தோலுக்கென்று சேர்பவர்கள் சிலரே. வலிப்புக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ சேர்ந்தவரின் முதுகில் ஒரு ராத்திரி திட்டுத்திட்டாகச் சிவந்து தடிப்பதுதான் வார்டில் அதிகம். அது வெறும் வேர்க்குருவாக இருக்கலாம். சில வாரங்களாகச் சாப்பிட்டுவரும் கார்பமாசெபைன் என்ற வலிப்பு மாத்திரை கிளப்பிவிட்ட ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோயாகவும் இருக்கலாம். அதில் தோல் தீப்பட்டதுபோல் உரியும், உயிருக்கே ஆபத்து. வேர்க்குரு விடியும்வரை பொறுக்கும். மற்றதற்கு அந்த மாத்திரையை இன்னொரு வேளை கொடுப்பதே தவறு.

அந்நேரத்தில் தோல் மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால், டூட்டி டாக்டர் படமெடுத்து, மருந்துப் பட்டியலோடு அனுப்புகிறார். எங்கோ இருக்கும் நிபுணர் பார்த்துப் பதில் சொல்கிறார்.

இதை நம்பலாமா? அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 50 உள்நோயாளிகளிடம் சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு தோல் மருத்துவர் நோயாளியை நேரில் பார்த்தார். வேறு தோல் மருத்துவர்களுக்குப் படமும் குறிப்பும் மட்டும். ‘இன்றே பார்க்க வேண்டும்’ என்று நேரில் பார்த்தவர் சொன்னபோது, 90 சதவீத முறை படம் பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். பயாப்ஸி (தோலில் சிறு துண்டை எடுத்துச் சோதிப்பது) வேண்டும் என்றபோது 95 சதவீதம். நோய்க்குப் பெயர் வைப்பதைவிட, யாருக்கு அவசரம் என்று பிரிப்பதில்தான் படத்துக்குச் சாமர்த்தியம் அதிகம் என்பது என் எண்ணம். விட்டுப்போகும் அந்தப் பத்து சதவீதம் சின்ன விஷயமில்லை.

படத்தை அழுத்திப் பார்க்க முடியாதே! தோல் மருத்துவத்தில் விரல்தான் பாதிக் கண். சிவந்த இடத்தில் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினால், இரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு வெளிறிவிடும். குழாயிலிருந்து கசிந்த இரத்தம் வெளிறாது. பின்னது குழாய் அழற்சியாகவோ கடும் தொற்றாகவோ இருக்கலாம். இதற்கு வழி உண்டு: கட்டிலருகே நிற்கும் நர்ஸ் அழுத்தட்டும், அழுத்தியபடியே இன்னொரு படம் எடுக்கட்டும். கறுத்த தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. ஊதாவாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ தெரியும். ஃபிளாஷ் போட்டால் அதுவும் போய்விடும். வாயின் உட்புறத்தையும் கண்களையும் படமெடுக்க மறக்கக் கூடாது. அங்கே புண் இருந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் சந்தேகம் வலுக்கும்.

எந்த மருந்தை எப்போது தொடங்கினோம் என்பது மட்டும் எந்தப் படத்திலும் விழாது. உங்கள் வீட்டில் யாராவது மருத்துவமனையில் இருந்தால், மெடிக்கலில் தானாக வாங்கியது, நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.