வைத்தியர் மனைவிமாரின் தொண்டு

நோயைத் தீர்ப்பவர் வைத்தியர். நோய் வராமல் காக்கும் வழியை வீடு வீடாகச் சொல்வது யார்? அமெரிக்காவில் அப்பொறுப்பை வைத்தியர்களின் மனைவிமார் ஏற்றார்கள். 1918-இல் டெக்ஸஸ் மாகாணத்தில் சங்கம் கண்ட இவர்கள், 1922-இல் செயின்ட் லூயி நகரில் கூடி, அமெரிக்க வைத்திய சங்கத்தின் துணைச் சங்கமாகத் தேசமளாவ ஒன்றுபட்டார்கள். வைத்திய சங்கம் 1923-இல் தொடங்கிய 'ஹைஜியா' என்னும் சுகாதாரப் பத்திரிகைக்குச் சந்தா சேர்த்து, இல்லங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் பரப்பினார்கள். 1933 மார்ச் 30-இல் ஜார்ஜியாவில் முதன்முதல் வைத்தியர் தினம் கொண்டாடியதும், யூடோரா பிரவுன் ஆல்மண்ட் அம்மையாரின் யோசனைப்படி, இத்தகைய மாதர்களே.

ஆயினும் துணைச் சங்கத்தின் முதல் தலைவி, 'ஸ்ரீமதி ஸாமுவேல் கிளார்க் ரெட்' என்று கணவர் பெயராலேயே குறிக்கப்பட்டார். ஊரார் உடல்நலத்துக்கு உழைத்தவர்கள் தங்கள் சொந்தப் பெயரால் போற்றப்பட வேண்டாமா?