உடம்பில்லாத கடனாளி

ஆலங்குடிக்காரர் ஒருவர் 38,000 ரூபாய் கொடுத்து ஃபிரிட்ஜ் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். மூன்றே மாதத்தில் கம்ப்ரஸர் போய்விட்டது. கம்பெனி கைவிரித்தது. அவர் புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போனார். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் தாமே வாதாடலாம். வாதாடி வென்றும்விட்டார். பணத்தைத் திருப்பிக் கொடு என்று கம்பெனிக்கு உத்தரவு. கெடு முடிந்தது. ஒரு பைசா வரவில்லை.

இனி கோர்ட்டே போய் வசூலித்துக் கொடுத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கோர்ட் அப்படித் தானாகப் புறப்படுவதில்லை. தீர்ப்பு என்பது பாதி வழிதான். மீதி வழிக்கு வென்றவரே இன்னொரு மனுப் போட வேண்டும். அதற்குப் பெயர் நிறைவேற்று மனு. கோர்ட் வளாகத்தில் சுருக்கமாக 'இ.பி.' இந்தியாவில் வழக்காடுபவனின் கஷ்டமே டிக்ரி என்னும் தீர்ப்பாணை கைக்கு வந்த பிறகுதான் ஆரம்பமாகிறது என்று, அன்றைய மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது.

கம்பெனி ஏன் அவசரப்படுவதில்லை? கணக்குப் போட்டால் புரியும். ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி விதித்திருந்தால் 38,000 ரூபாய்க்கு ஒரு நாள் வட்டி ஆறேகால் ரூபாய். ஒரு டீக்குக்கூடக் காணாது. தாமதத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. கடன்பட்டவர் பக்கத்துத் தெருக்காரர் என்றால் சந்தையில் எதிர்ப்படுவார், கையைப் பிடித்துக் கேட்கலாம். கம்பெனியை எங்கே பிடிப்பது? சட்டத்தின் கண்ணில் அது ஓர் ஆள். ஆனால் உடம்பில்லாத ஆள். இந்த விந்தையை உறுதிசெய்த வழக்கு 1896ல் இங்கிலாந்தில் நடந்தது. ஆரோன் சாலமன் பூட்ஸ் செய்து விற்றவர். தம் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். மொத்தம் 20,007 பங்குகள். அவற்றில் 20,001 அவருடையவை. மீதி ஆறும் மனைவி மக்களிடம், ஆளுக்கு ஒன்று. கம்பெனி நொடித்தபோது, அந்தக் கடனுக்கு சாலமன் பொறுப்பல்ல, கம்பெனி வேறு, அவர் வேறு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் அடிப்படை அதுதான். கம்பெனியின் மேல் மட்டும் தீர்ப்பு இருந்தால், இயக்குநரின் சொந்த வீட்டு வாசலில் போய் நிற்க முடியாது.

ஆக, உடம்பில்லாத இந்த ஆளை எந்த இடத்தில் தொட்டால் வலிக்கும் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கான கருவிப்பெட்டி 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 21ஆம் கட்டளையில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட விதிகள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தன் 71ஆம் பிரிவின் ஒற்றை வாக்கியத்தால் அந்தப் பெட்டியை அப்படியே தூக்கி நுகர்வோர் ஆணையத்தின் கையில் கொடுத்துவிட்டது.

பெட்டியைத் திறந்தால் முதலில் கிடைப்பது, வாயில்லாத கம்பெனியைப் பேச வைக்கும் விதி. 41ஆம் விதிப்படி அதன் அதிகாரி ஒருவரைக் கூண்டில் ஏற்றி, உங்களுக்கு என்ன சொத்து, யாரிடமிருந்து பணம் வர வேண்டும் என்று கேட்கலாம். சொத்துப் பட்டியலைச் சத்தியப் பத்திரமாகத் தரச் சொல்லலாம். அந்த உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிவில் சிறை.

அடுத்தது ஜப்தி. இதில் எதைத் தொடக்கூடாது என்ற பட்டியல்தான் மனதைத் தொடுகிறது. கடனாளி வீட்டுச் சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, உடுத்தும் துணி, உழவரின் ஏரும் மாடும் விதைநெல்லும், கைவினைஞரின் கருவிகள், சமய வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை: எதிலும் கை வைக்க முடியாது. ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியரான அமீனா, கடனாளி குடியிருக்கும் வீட்டுக்குள் போவதானால் பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் போக வேண்டும். கடன்பட்டாலும் அடுப்பு அணையக்கூடாது என்று நினைத்து எழுதிய சட்டம் இது. கம்பெனிக்கோ அடுப்பும் இல்லை, தாலியும் இல்லை. அதன் மேசை, நாற்காலி, கணினி, வேன் எல்லாமே அமீனாவின் கைக்கெட்டும் பொருள்கள்தான்.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இனிமேல்தான் வருகிறது. வங்கிக் கணக்கில் பணம் 'இருக்கிறது' என்கிறோம். சட்டப்படி அங்கே இருப்பது பணமல்ல, கடன். நாம் போட்ட தொகையை வங்கி நமக்குத் திருப்பித் தரக் கடன்பட்டிருக்கிறது. அப்படியானால், என் கடனாளிக்குக் கடன்பட்டவரை நேரே எனக்குக் கொடுக்கச் சொல்ல முடியாதா? முடியும். அந்த இடைக் கடனாளிக்குப் பெயர் கார்னிஷி. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இதற்கென்றே 46ஏ முதல் 46ஐ வரை ஒன்பது விதிகளைச் சேர்த்தது. கார்னிஷி வங்கியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. ஃபிரிட்ஜ் கம்பெனியின் தலைமையகம் மும்பையில் இருக்கட்டும். அதன் சரக்கைக் கடனுக்கு எடுத்து விற்கும் கடை புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் இருக்கலாம் அல்லவா? அந்தக் கடைக்காரர் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி, கம்பெனியின் சொத்து. அதில் 38,000 ரூபாயை நீதிமன்றத்தில் கட்டு என்று அவருக்கு அறிவிப்பு அனுப்பலாம். மும்பைக்கு டிக்கெட் எடுக்காமலே வேலை முடிகிறது.

நுகர்வோர் சட்டத்தின் 72ஆம் பிரிவு இன்னும் கூர்மை. உத்தரவை மதிக்காவிட்டால் ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மேல்முறையீடு செய்தால் தப்பலாமா? 45 நாளுக்குள் செய்ய வேண்டும். தொகையில் பாதியைக் கட்டிய பிறகே மேல்முறையீடு உள்ளே போகும்.

ஒரே ஒரு சொல் இந்த வசூல் பொறியைக் கெடுத்த கதையும் உண்டு. பழைய நுகர்வோர் சட்டத்தில் 2003 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த திருத்தம், 'இடைக்கால உத்தரவு'களை மீறினால் ஜப்தி செய்யலாம் என்று எழுதியது. இறுதி உத்தரவு? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2020 ஜூலையில் புதிய சட்டம் வரும்வரை, 17 ஆண்டு காலம் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. அந்த இடத்தில் 'எந்த உத்தரவும்' என்றே படிக்க வேண்டும் என்று 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லித்தான் அந்தக் காலத்து உத்தரவுகளுக்கு அது அடைபட்டது.

இந்தப் பொறி கண்ணெதிரே இயங்குவதைத் தமிழ்நாட்டில் எல்லோரும் செய்தியில் பார்த்திருக்கிறோம். கிளம்பத் தயாராக நிற்கும் அரசுப் பேருந்து. அமீனா ஏறுகிறார். பயணிகள் இறங்குகிறார்கள். வண்டி நேரே கோர்ட் வளாகத்துக்குப் போகிறது. விபத்து இழப்பீட்டை உரிய நேரத்தில் கொடுக்காததால் ஜப்தி. ஏன் பேருந்து? அரசு போக்குவரத்துக் கழகங்களும் கம்பெனிகள்தான். புதுக்கோட்டை மண்டலத்தின் பேருந்துகளை இயக்கும் கும்பகோணம் கழகம், 1972ல் சோழன் போக்குவரத்துக் கழகமாகத் தொடங்கிய லிமிடெட் நிறுவனம். இழப்பீட்டுக்குத் தனி நிதி வைத்திருந்தால் அரசு வாகனங்களுக்குக் காப்பீட்டிலிருந்து விலக்குத் தர மோட்டார் வாகனச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதனால் இடையில் நின்று பணம் கட்ட இன்சூரன்ஸ் கம்பெனி இல்லை. அந்தப் பேருந்து பெரும்பாலும் ஏலம்வரை போவதுமில்லை. நிற்கும் ஒவ்வொரு நாளும் அன்றைய வசூல் போய்விடும். உடம்பில்லாத கடனாளிக்கு வலிக்கும் இடம் அது.

இதில் ஒரு பழைய எதிரொலியும் கேட்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். கடன் கொடுத்தவர், கடனாளியைச் சுற்றித் தரையில் வட்டம் போட்டுவிட்டால், கடனைத் தீர்க்காமல் அவர் அதைத் தாண்டக்கூடாது. தாண்டினால் மரண தண்டனை என்று எழுதிவைத்திருக்கிறார். குதிரையில் வந்த அரசனையே ஒரு வெளிநாட்டு வணிகர் இப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதைக் கண்ணால் பார்த்தாராம். பணம் வந்து சேரும்வரை அரசன் நகரவில்லை. இன்றைய புதுக்கோட்டைப் பகுதியும் அப்போது பாண்டியர் ஆட்சிக்குள்தான் இருந்தது.

அந்த வட்டம் போட ஒரு நிமிடம் ஆகியிருக்கும். இப்போது? நாடு முழுவதும் 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் தேங்கிக் கிடப்பதாக 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் முன் கணக்கு வந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி புதுக்கோட்டை மாவட்டத்தில் சுமார் 16 லட்சம் பேர். மாவட்டத்தில் பாதிப் பேருக்கு மேல் ஆளுக்கொரு மனுவோடு வரிசையில் நிற்பதாக நினைத்துப் பாருங்கள். சிவில் கோர்ட் டிக்ரிக்கு ஆயுள் 12 ஆண்டு, ஒரு குறிஞ்சிப் பூப்பிலிருந்து அடுத்த பூப்பு வரை. அவ்வளவு காலம் இருக்கிறதே என்று மனுவைத் தள்ளிப்போடுவது நட்டம். நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும், முடியாவிட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று 2021ல் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு நில வழக்கில் 2025 மார்ச்சில் அதை மீண்டும் வலியுறுத்தியது. அந்த ஆறு மாதக் கடிகாரம், ஆலங்குடிக்காரர் தம் இ.பி.யைத் தாக்கல் செய்யும் நாளில்தான் ஓடத் தொடங்கும்.