விதைநெல்லும் கணினி நினைவகமும்

பஞ்ச காலத்திலும் உழவன் விதைநெல்லைத் தொடுவதில்லை. கணினிக்கு இயக்கமுறைமை எழுதுவோரும் இத்தகைய கட்டுப்பாடொன்றை மேற்கொள்ள நேர்ந்துள்ளது.

தொலைவிலுள்ள சேவையகத்தின் கோப்புகளைத் தன்னுடையவை போலவே ஒரு கணினி எடுத்தாள வழிவகுப்பது வலையமைப்புக் கோப்பு முறைமை. 1984ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய இம்முறை, லினக்ஸ் இயக்கமுறைமையில் இன்றும் வழங்கி வருகின்றது. பயன்படுத்துவோர் எழுதுபவை பெரும்பாலும் உடனே சேவையகத்தைச் சென்றடைவதில்லை. பொதுவாக 4096 பைற் அளவான பக்கங்களாக அவை நினைவகத்தில் தங்குகின்றன. அவற்றைச் சேமித்துவிட்டதாகச் சேவையகம் உறுதி கூறும்வரை அப்பக்கங்களை வேறு பணிக்கு விடுவித்தல் இயலாது.

நினைவகம் நிரம்பும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது. இடம் காண வேண்டுமாயின் பக்கங்களை அனுப்புதல் வேண்டும். அனுப்புவதற்கோ, கோரிக்கையை வரையவும் பொதியைக் கட்டவும் சிறிது இடம் வேண்டும். அவ்விடம் எங்கிருந்து வரும்? இன்னுமொன்று: இடந்தேடப் புறப்பட்ட நினைவக மேலாண்மைப் பகுதி, கோப்பு முறைமையிடமே திரும்பி வந்து, அது முன்னரே பூட்டி வைத்த கதவின் முன் காத்து நிற்றலும் கூடும். தான் தனக்காகவே காத்திருக்கும் அந்நிலையில், எழுதியவை கரைசேரா, கணினியும் உறைந்துவிடும்.

ஆதலால் இடம் கேட்கும்போதே, கோப்பு முறைமையை நாடலாகாது என்னும் குறிப்பும் உடன் கொடுக்கப்படுகின்றது. ஆயின் தேடும் எல்லை குறுகுவதால், இடம் கிடையாமற்போகும் வாய்ப்பு மிகுகின்றது. இங்கேதான் விதைநெல் வேண்டப்படுகின்றது. லினக்ஸில், எழுதும் கோரிக்கைகள் 32க்குரிய இடம் முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படுகின்றது. கோரிக்கையொன்று நிறைவேறியதும் அதன் இடம் ஒதுக்கீட்டுக்கே மீளும். நெருக்கடியற்ற வேளைகளில் அவ்விடம் வாளா கிடப்பது இழப்பே; எனினும் சிறிய இழப்பு. ஒதுக்கீட்டைப் பெருக்கினாலோ, ஏனைய செயல்நிரல்களின் பங்கு குறையும்.

வரும் பொதிகளின் சிக்கல் இதனினும் கடினமானது. சேவையகத்தின் உறுதிமொழியைச் சுமந்து வருவது எந்தப் பொதி என்பது, அதற்கு இடங்கொடுத்துப் பிரித்துப் பார்த்த பின்னரே தெரியும். நினைவகத்தில் அடங்காதவற்றை இம்முறைமையின் வழியே சேவையகத்தில் இறக்கி வைக்க, 2012இல் வெளிவந்த லினக்ஸ் 3.6 இடமளித்தது. அப்போது இதற்கும் ஒரு தீர்வு காணப்பட்டது. நெருக்கடி வேளையில் வரும் பொதியை ஒதுக்கிய இடத்தில் ஏற்றுப் பார்த்து, நினைவகத்தை விடுவிக்கும் பணிக்குரியதன்றாயின் அதனை அப்போதே எறிந்துவிடுவர். எறியப்பட்டதை, அனுப்பிய கணினி பெரும்பாலும் மீண்டும் அனுப்பிக்கொள்ளும்.