குழிக்குள் இறுகிய பித்தளை

எங்கள் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போனது. என் தொழில் அவ்வளவு பெரிதில்லை. இங்கே எஞ்சின் திருத்துகிறேன்.

அண்மையில் ஒரு பழைய லொறி எஞ்சின் வந்தது. கிராங் தண்டின் நுனிக் குழிக்குள் பித்தளை புஷ் இறுகிப்போய்க் கிடந்தது. பின்பக்கம் அடைப்பு, தட்டி வெளியேற்ற வழியில்லை. உதவிக்கு நிற்கிற பெடியன் உளியை எடுத்தான். "பொறு தம்பி, குழி கீறுப்பட்டால் தண்டே போச்சு" என்றேன்.

புஷ்ஷின் துளை நிறையக் கிறீஸ் அடைத்து, அதற்குள் இறுக்கமாகப் பொருந்துகிற கம்பியை வைத்துச் சுத்தியலால் அடித்தேன். கிறீஸ் சுருங்காது, போக இடமில்லாமல் புஷ்ஷின் முதுகில் போய் முட்டும். இடையிடையே கிறீஸை நிரப்பி நிரப்பி அடிக்க, புஷ் நூல் நூலாக வெளியே வந்தது.

கிறீஸ் கசிந்தால், புஷ்ஷுக்குள் மரை வெட்டி போல்ட்டை முறுக்க வேண்டும். போல்ட் குழியின் அடியில் முட்டியதும் புஷ் தானாக மேலே ஏறும்.

வெளிநாடுகளில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காரருக்கும் இதே தலையிடிதான். சுட்ட தோட்டாவின் பித்தளைக் கோதைத் திரும்பப் பாவிக்க, இரும்பு அச்சுக்குள் அழுத்துவார்கள். எண்ணெய் பூசாவிட்டால் கோது இறுகி, பிடித்து இழுக்கும் விளிம்பும் பிய்ந்துவிடும். பிறகென்ன, கோதின் அடியைத் துளைத்து, மரை வெட்டி, குழாய்த்துண்டும் வொஷரும் வைத்து போல்ட்டால் இழுப்பார்கள்.

கம்பியில் அடிக்கும்போது கண்ணாடி போடுங்கள். கிறீஸ் முகத்துக்குத்தான் தெறிக்கும்; எனக்குத் தெறித்தது.