மைதானத்தைப் பார்த்துக் கொடுத்த கடன்



வெளியூர்க் கடைக்காரருக்குக் கடனுக்குச் சரக்கு அனுப்பும் முன் நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? கடையின் இருப்பு, பழைய பாக்கி, காசோலைகள் திரும்பாமல் மாறினவா என்பவற்றைப் பார்க்கிறோம். சென்ற மாதம் யாழ்ப்பாணம் போனபோது நான் இன்னொன்றையும் பார்த்தேன். அது ஓர் உதைபந்தாட்ட மைதானம்.

எங்களிடம் ஹார்ட்வெயார் சாமான் எடுக்கும் நண்பர் ஒருவர் சோனகத்தெருப் பக்கம் கடை வைத்திருக்கிறார். ஒரு மாதத் தவணையை மூன்று மாதமாக்கித் தரும்படி கேட்டிருந்தார். தொகை பெரிது. நேரில் பார்த்து முடிவு சொல்லலாம் என்று போனேன். கணக்குப் பார்த்து, அஸர் தொழுததும், "வாங்க ஹாஜியார், ஒரு இடம் காட்டுறன்" என்று ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்குக் கூட்டிப் போனார்.

யாழ்ப்பாணத்தில் ஊரின் பெயரோடு உதைபந்தாட்டக் கழகத்தின் பெயரும் சேர்ந்தே வரும். நாவாந்துறை என்றால் சென். மேரிஸ், பாசையூர் என்றால் சென். அன்ரனீஸ், ஊரெழு என்றால் றோயல். பெரிய ஆட்டங்களுக்குத் துரையப்பா விளையாட்டரங்கு இருக்கிறது. இந்திய உதவியுடன் புதுப்பித்து 2016 ஜூனில் திறந்தார்கள். ஆனால் நகர முஸ்லிம்களுக்குச் சொந்த முற்றம் போன்றது ஜின்னா மைதானம்தான். பெயரே அதைச் சொல்லும்.

அதே முற்றத்தில்தான் பெரிய துயரமும் நடந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, வீட்டுக்கு ஒருவர் வரவேண்டும் என்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களைக் கூட்டியது இங்கேதான். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று சொன்னதும் இங்கேதான். தலைமுறைகளாகக் கட்டிய கடைகளும் வீடுகளும் அன்று கைவிட்டுப் போயின. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் அந்நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலோருக்குப் புத்தளம் இடம் கொடுத்தது.

நண்பருக்கு அப்போது பதினேழு வயது. "வாப்பாவோட நானும் வந்தனான். நேற்று வரைக்கும் பந்தடிச்ச இடம். அண்டைக்குக் கால் நடுங்கினது" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் திரும்பி வந்து கடை திறந்தார்கள். ஆனால் கடை யாழ்ப்பாணத்தில், குடும்பம் புத்தளத்தில் என்று இரண்டாகப் பிரிந்து கிடப்பவர்கள் இன்னும் உண்டு. பிள்ளைகளின் படிப்பு, உடைந்த வீடு, காணிப் பிரச்சினை என்று காரணங்கள் பல. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடன் கொடுப்பவன் அதையும் யோசிக்கத்தானே வேண்டும்? உழைத்தது இரண்டு வீட்டுச் செலவுக்கும் பஸ் செலவுக்கும் போனால் முதல் எப்படி வளரும்?

"பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டேன்.

கோல் கம்பங்களுக்கு நடுவே நின்ற பொடியனைக் காட்டினார். "அந்தா, கோலுக்கு நிக்கிறவன் என்ட மகன். குடும்பம் இங்க வந்து ரெண்டு வருசம்."

நாவாந்துறைப் பொடியன்மார் சிலரும் சைக்கிளில் வந்து சேர்ந்து விளையாடினார்கள். மஃரிப் பாங்கு கேட்டதும் பந்து நின்றது. எங்கள் பிள்ளைகள் பள்ளிவாசலுக்கு ஓட, அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. பழகிப்போன விசயம்.

கடை திறக்க ஒரு ஆள் போதும். மைதானம் நிறையக் குடும்பங்கள் வேண்டும். குடும்பங்கள் வந்தால் வீடு கட்டுவார்கள். சீமெந்தும் பைப்பும் பெயின்டும் போகும். மகனை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர் நாளைக்குக் கடையைப் பூட்டிவிட்டு ஓடமாட்டார் என்றும் என் மனம் சொன்னது.

தொழுகை முடிந்ததும் மூன்று மாதத் தவணைக்குச் சம்மதித்தேன். நட்பு இருந்தாலும் அல்குர்ஆன் சொன்னபடி எழுதி, சாட்சியும் வைத்துக்கொண்டோம். முதல் லொறி இந்த வாரம் போயிருக்கிறது. சரக்கோடு இரண்டு பந்தும் ஒரு கோல் வலையும் போட்டு அனுப்பினேன். அவற்றைக் கணக்கில் எழுதவில்லை.

யாழ்ப்பாணத்துக்குச் சரக்கு அனுப்பும் சகோதரர்கள் அடுத்த முறை போகும்போது, ஒரு மாலை நேரம் அந்த மைதானத்தையும் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.